கண்காணிப்பில் வைக்கவும்

மூன்றாம் தூண் முக்கால் அங்குலம் சாய்ந்திருப்பதாக
முதலில் எழுதியவர் ஆஸ்பார்ன் என்றொரு துரை.
எழுத்துக்கெல்லாம் வால் நீளம்.
மசிமேல் கரையான் நடந்துபோன வழி.
அடியில் சிவப்பில் ஒரு வரி:
கண்காணிப்பில் வைக்கவும்.

குறிப்பேட்டின் அட்டை நான்கு முறை மாறியிருக்கிறது.
அந்த வரி மாறவில்லை.

கூவம் கடலைத் தொடக் கூப்பிடு தூரம் இருக்கையில்
இந்தப் பாலத்தைப் போட்டார்கள்.
அப்போது கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
ஓதம் ஏறும்போது மடவை துள்ளித் தூணில் மோதுகிறது
என்றுகூட ஒரு பதிவு,
எங்கே எழுதுவதென்று தெரியாமல்
இதர சேதங்கள் என்ற கட்டத்தில்.

பிறகு வருஷக்கணக்கில் பல்லாவரத்துக் கல்.
நாளுக்கு ஆறு வண்டி, எட்டு வண்டி.
துறைமுகம் கை நீட்டக் கல், முழங்கை மடக்கக் கல்,
எல்லாம் இதன் முதுகில்தான் போனது.
கடலுக்குள் கல் நீள நீள
வடக்கே போகவேண்டிய மணல்
வழி மறிபட்டுத் தெற்கே நின்றது, நின்றது,
ஒருநாள் ஆற்றின் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

தன் ஆற்றை அடைக்கத் தானே கல் சுமந்த பாலம்
என்று யாரும் எழுதவில்லை.
அதற்குக் கட்டம் கிடையாது.
நீர்மட்டம் என்ற பத்தியில் மட்டும்
எண்கள் மெல்ல மெல்ல ஒரே எண்ணாகின்றன.

எம்டன் என்ற சொல் இன்னும் தமிழாகியிராத ஓர் இரவு.
எண்ணெய்க் கிடங்கு எரிந்துகொண்டிருக்க
கீமேன் தாவீது பாலம் முழுக்க நடந்து பார்த்திருக்கிறார்.
சேதம் இல்லை.
மூன்றாம் தூண், முக்கால் அங்குலம்.
வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

ஊர் காலியான சித்திரையில்
வெளியே போன வண்டிகள் நாற்பத்தொன்று,
கூரையிலும் ஆள்.
உள்ளே வந்தவை காற்றோடு வந்தன.
பங்காருசாமி நாயுடு, தன் வீட்டாரை வாலாஜாவுக்கு ஏற்றிவிட்டு
அவர்களையும் சுமைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்:
பெரியவர் மூவர், குழந்தை இரண்டு, தையல் மிஷின் ஒன்று.
பாலம் தாங்கியது.
முக்கால் அங்குலம்.

அப்புறம் பால்பாயின்ட் பேனாக்களின் காலம்.
அப்புறம் அச்சடித்த படிவம்.
டிசம்பர் வெள்ளத்தன்று ஒரு வீட்டுக் கதவு,
பூட்டு தொங்கியபடியே மிதந்து வந்து
மூன்றாம் தூணில் சாத்திக்கொண்டதாம்.
சாவிக்கு யாரும் வரவில்லை.

போன செவ்வாய் என் முறை.
லேசர் கருவியைச் சேற்றோரம் நிறுத்தினோம்.
கலாசி யூனுஸ் மூக்கைத் துண்டால் கட்டியிருந்தார்.
மேலே கடற்கரை வண்டி போகும்போது
துரு உதிர்ந்து என் டீயில் விழுந்தது.
ஐந்து முறை அளந்தேன்.
சாய்வு: பூஜ்யம்.

மிஷின் பொய் சொல்லுது மேடம்
என்றார் யூனுஸ்.
போய்ப் பழைய பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்துவந்தார்.
மேலிருந்து நூல் விட்டோம்.
பிற்பகல். கடல் காற்று அப்போதுதான் கிளம்பியது.
குண்டு கொஞ்சம் தள்ளாடி, விலகி,
நின்றதுபோல் ஓரிடத்தில் நின்றது.
டேப்பைப் பிடித்த அவர் வாய் திறக்குமுன்
எனக்குத் தெரிந்துவிட்டது.

இத்தனை பேரும் இத்தனை காலம்
காற்றைத்தான் எழுதிவந்திருக்கிறோம்.

பூஜ்யம் என்று எழுதிவிட்டால்
இந்தத் தூண் வருடாந்திரப் பட்டியலிலிருந்து போய்விடும்.
ஐந்து வருஷத்துக்கு
இங்கே ஒருவரும் இறங்கிவந்து நிற்கமாட்டார்கள்,
இந்தத் தண்ணீரின் பக்கத்தில்.

சாய்வு இல்லை, எழுதினேன்.
மணல் உண்டு.
ஓட்டம் இல்லை.

யூனுஸிடம் சிவப்புப் பேனா கேட்டேன்.
நீலம்தான் இருக்கு என்றார்.
நீலத்திலேயே எழுதினேன்.